பிள்ளைக்கு வலி, பெற்றவளை யார் விசாரித்தார்கள்?

(மருத்துவ உதவி பெறும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்றைய பேச்சு தாய்மார்களுக்கானது என்று நோட்டீசில் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஆண்கள் சிலர் வாசலோடு நிற்கிறீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான்.

நம் அலுவலகத்தில் மருத்துவ உதவிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பெயர், நோய், தொகை, தேதி என்று நான்கு கட்டங்கள். ஸ்கேல் வைத்து அந்தக் கட்டங்களைப் போட்டவன் நான்தான். போன வருடம் ஒரு சகோதரி வந்தார். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது. ஒரு வருடமாக வயிற்று வலி. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை, மக்தப் இல்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. இன்னொரு ஸ்கேன் எடுக்கப் பணம் வேண்டும் என்று கேட்டார். காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஸப்ரா இருங்கம்மா, அல்லாஹ் லேசாக்குவான்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

அவர் காசோலையை வாங்கிக்கொண்டு கதவு வரை போனார். திரும்பி நின்று, "ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தா எல்லாரும் சந்தோசப்படச் சொல்றாங்க காக்கா. எனக்கு ஏதாவது இருக்குன்னு வந்துடக் கூடாதான்னு தோணுது. அப்படி நினைக்கிற நான் உம்மாவா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான்கு கட்டங்களில் எதிலும் அதை எழுத இடமும் இல்லை.

அந்தக் கேள்வியை அதற்கு முன்பே என் வீட்டில் கேட்டிருக்க வேண்டியவன் நான். இதைச் சொல்லலாமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். "சொல்லுங்க வாப்பா, ஆனா என்னைப் பாவமா காட்டிடாதீங்க" என்றாள்.

அவளுக்கு ஏழு வயதில் முழங்கால் வீங்கியது. காலையில் எழுந்தால் கால் மடங்காது. ஒரு மணி நேரம் கழித்து ஓடிக்கொண்டிருப்பாள். வளர்கிற வயதில் வருகிற வலி என்றார் ஒரு மருத்துவர். கால்சியம் குறைவு என்றார் இன்னொருவர். எட்டு மாதம் அலைந்த பிறகுதான், அது பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று தெரிந்தது. அதுவரைக்கும் வாதம் என்றால் கிழவிகளுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாத மூட்டு வீக்கத்துக்கு அந்தப் பெயர்.

பெயர் தெரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிவாசல் வேலை, ஜமாஅத் வேலை, அறக்கட்டளை வேலை என்று ஒன்று விடாமல் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஊரெல்லாம் என்னைப் பாராட்டியது. பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால் பிள்ளை தூங்கியிருக்கும். அந்த வலியைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்குக் கிடைத்த ஹலாலான வழி அது! இரவு இரண்டு மணிக்குச் சுடுதண்ணீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நிக்காஹ் ஆக வேண்டும், வெளியே சொல்லாதீர்கள் என்று என் குடும்பத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் அவள் சொந்த ராத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. மாசமாக இருக்கும்போது மக்ரிப் நேரத்தில் முடியை விரித்துக்கொண்டு வெளியே நின்றாயா என்று அவளைக் கேட்டவர்களும் உண்டு. நான் பக்கத்தில் இருந்தேன். அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் பிசியோதெரபி எடுக்கிற இடத்தில், அங்கே வேலை பார்த்த பெண், பிள்ளையின் காலை நீட்டி மடக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல், "நீங்க தூங்குறீங்களாக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இவள் அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ரெண்டு வருசத்துல என்னைப் பத்திக் கேட்ட முதல் ஆள் அவதான்" என்றாள்.

சகோதரர்களே, மதரஸாவில் நான் ஓதிய ஹதீஸ் ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழுவிக்கும் எண்ணத்துடன் நிற்பார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். இமாம் எந்த அளவுக்குச் சுருக்கலாம் என்ற சட்டத்தை அந்த ஹதீஸிலிருந்து நாங்கள் நன்றாகவே படித்தோம். பரீட்சையிலும் எழுதினோம். அழுதது குழந்தை, கவனிக்கப்பட்டது தாயின் மனம் என்பது என் மண்டையில் ஏற எனக்கு இருபது வருடம் ஆனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிற வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதிகம் வருபவை வயிற்று வலி, தலைவலி, கை கால் மூட்டு வலி. இதில் பல சமயம் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் பிள்ளை நடிக்கிறது என்று அர்த்தமில்லை. திருடனுக்காகக் காரில் அலாரம் வைக்கிறோம். சில கார்களில் பூனை ஏறினாலும் அலறும். திருடன் வரவில்லை என்பதும் உண்மை, அலாரம் அலறுவதும் உண்மை. நரம்புகளும் மூளையும் அப்படிக் கூர்மையாகிவிட்டால், ஆபத்து எதுவும் இல்லாதபோதும் வலி வரும். அந்த வலி நிஜமான வலி. பிள்ளையை நம்புங்கள். நம்பினாலே பாதி சண்டை வீட்டில் குறைந்துவிடும்.

அதற்காக எல்லா வலியையும் அலாரம் என்று விட்டுவிடக் கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வீக்கம், மலத்தில் இரத்தம், பச்சையாக வாந்தி, இதெல்லாம் இருந்தால் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகள் தலையில் கை வைத்து நானும் ஓதியிருக்கிறேன், இன்றும் ஓதுகிறேன். ஓதிய கையோடு மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இடையில் ஒன்று: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடுவது. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் வலியோடு பெற்றவர்களின் மனமும் சேர்ந்து ஓடுகிறது என்பதை இப்போது ஆராய்ச்சியாளர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். வயிற்று வலி அடிக்கடி வரும் பிள்ளைகளையும், அப்படி இல்லாத பிள்ளைகளையும் அழைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வயிறு உப்பி அசௌகரியம் வரும் அல்லவா? அந்த நேரத்தில் சில பெற்றோரிடம், பிள்ளையின் வேதனையைக் கவனித்து அனுதாபமாகப் பேசச் சொன்னார்கள். சிலரிடம், வேறு விஷயம் பேசிப் பிள்ளையின் கவனத்தைத் திருப்பச் சொன்னார்கள். சிலரிடம் எதுவும் சொல்லவில்லை. அனுதாபமாகப் பேசிய இடத்தில் பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. பேச்சை மாற்றிய இடத்தில் பாதியாகக் குறைந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப்பட்டது அடுத்து வந்த விஷயம். பேச்சை மாற்றினால் பிள்ளை மனம் நொந்துபோகும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். வயிற்று வலிக்காரப் பிள்ளைகளோ, அப்போதுதான் உம்மா தங்களுக்கு இதமாக இருந்தார் என்றார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நீதான் வலியை வளர்க்கிறாய்" என்று யாராவது இன்றிரவு மனைவியிடம் சண்டைக்குப் போனால், அவர் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். "வலிக்குதா, வலிக்குதா" என்று பத்து தடவை கேட்பவள் பயத்தில் கேட்கிறாள். அந்தப் பயத்தை அவள் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு நாம் வெளியே நிற்கிறோம். பயம் குறைந்தால்தான் கேள்வி குறையும். அதனால்தான் பெற்றவர்களுக்கு மனநல உதவி வேண்டும் என்கிறேன். பிள்ளைகளின் நாட்பட்ட வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், மருந்தோடு உடற்பயிற்சியும் மனநல சிகிச்சையும் சொல்லப்பட்டிருக்கின்றன. குடும்பத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மனநலப் பயிற்சி கொடுத்த ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பினர் ஒன்றுதிரட்டி 2019இல் மறுபடி பார்த்தார்கள். வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் பலன் இருக்கிறது, ஆனால் அது சிறிய அளவுதான் என்று சொன்னார்கள். சிறிய அளவு என்று நேர்மையாகச் சொன்னதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வந்தது. மூன்று நாளில் குணம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

பயிற்சி என்றால் பயப்பட வேண்டாம். யாரும் உங்களைப் பைத்தியம் என்று சொல்லப் போவதில்லை. பிள்ளைக்குப் புற்றுநோய் வந்த தாய்மார்களுக்காக உருவாக்கி, பிறகு வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் கொண்டுவந்த ஒரு முறையைச் சொல்கிறேன். தலைக்குள் சுற்றுகிற நூறு கவலையில் ஒன்றே ஒன்றை எடுத்துத் தாளில் எழுதுவது. அதற்கு என்னென்ன வழி உண்டோ, நடக்கும் நடக்காது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுவது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் செய்து பார்ப்பது. சரிவரவில்லையென்றால் அடுத்தது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எங்கள் வீட்டில் தினமும் காலை ஒரு யுத்தம் நடக்கும். எட்டே முக்காலுக்கு வேன் வந்துவிடும், பிள்ளையின் கால் மடங்காது, உம்மா கத்துவாள், பிள்ளை அழுவாள், மூத்தவன் சாப்பிடாமல் போவான். அந்தப் பிசியோதெரபிப் பெண் சொல்லித்தான் என் மனைவி அதை எழுதிப் பார்த்தாள். ஃபஜ்ருக்கு எழும்போதே பிள்ளையை எழுப்பிச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டுவது, முதல் பாடவேளையை விட்டுவிடப் பள்ளியில் அனுமதி கேட்பது, வேனை நிறுத்திவிட்டு வாப்பா கொண்டுபோய் விடுவது என்று ஆறேழு வழி எழுதினாள். மூன்றாவதைப் படித்தபோது என் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா? அன்றிலிருந்து நான்தான் கொண்டுபோய் விட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் என் மகளோடு எனக்குப் பழக்கமே ஏற்பட்டது.

மூத்தவன் என்றேன். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வலி என்றால் மற்றப் பிள்ளை ஓரமாகப் போய்விடும். என் மகன் பத்து வயதில் ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தான். "எனக்கும் கால் வலிக்குது" என்றான். எங்கும் அடிபடவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது எது என்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களின் வீடுகள் இங்கே நிறைய. துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் வீடியோ அழைப்பில் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு வலி எப்படி இருக்கு?" பிள்ளைக்கு அது வாப்பாவுக்கு ஒப்பிக்கிற பாடமாகிவிடுகிறது. இன்று என்ன விளையாடினாய், எந்த சூரா ஓதினாய் என்று தொடங்குங்கள். வலி இருந்தால் பிள்ளையே சொல்லும். பிறகு போனை அவள் உம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவளிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள். இதற்கு ரியால் செலவாகாது.

ஸப்ரைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்தச் சகோதரியிடம் நான் ஸப்ர் என்று சொன்னது தவறான வார்த்தையல்ல. ஆனால் பேச்சை முடித்துவைக்கிற வார்த்தையாக அதைச் சொன்னேன். அங்கேதான் தவறு. யஃகூப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக அவர்களைத்தான் சொல்கிறோம். மகன் யூஸுஃபுக்காக அழுது அழுது கண் வெளுத்துப்போனதும் அவர்களுக்குத்தான். மகன் இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. பேறுகால வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கதறிய மர்யம் (அலை) அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தான், கவலைப்படாதே என்றான். அழுகிற ஒரு தாயைப் பார்த்து ஈமான் குறைவு என்று சொல்ல நமக்கு என்ன தைரியம்? ஒரு தூக்குச் சட்டியில் சோறும் ஆணமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு மணி நேரம் நாம் உட்கார்ந்திருந்தால் அவள் தூங்குவாள்.

தாய்மார்களே, பிள்ளை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதுவும் ஒரு நோய்தான். அதற்கும் மருத்துவம் உண்டு. நான் இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நிர்வாகக் குழுவில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவரை இங்கே வரவழைக்கலாம் என்று நான் சொன்னபோது, "உட்கார்ந்து பேசுறதுக்குக் காசா? அந்தப் பணத்துல ரெண்டு பேருக்கு மருந்து வாங்கலாமே" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அமானிதப் பணத்துக்கு அப்படிக் கேட்கத்தான் வேண்டும். நான் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். ஒரே பிள்ளைக்கு, ஒரே வயிற்றுக்கு நாம் மூன்று ஸ்கேனுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். மூன்றாவதைக் கேட்டது நோயல்ல, அந்தத் தாயின் பயம். பயத்துக்கு ஸ்கேன் எடுத்தால் தீருமா? ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம், பொது ஸதக்காவிலிருந்து மட்டும்தான், ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கணக்கோடு மறுபடி உட்காருவோம் என்று முடிவானது. அந்த உறுப்பினரே முதல் மாதக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தார். சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

அந்தச் சகோதரி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். பையனுக்கு இன்னும் வயிறு வலிக்கிறது. முன்பு வாரத்தில் மூன்று நாள் விடுப்பு, இப்போது மாதத்தில் மூன்று நான்கு நாள். மக்தபில் உஸ்தாத் அவனைக் கதவோரம் உட்கார வைத்திருக்கிறார். வலித்தால் கேட்காமலே எழுந்து போய்வரலாம். அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவன் எழுந்து போவது குறைந்துவிட்டது என்கிறார் உஸ்தாத். அந்தத் தாய் இன்று திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எங்கே என்று நான் சொல்ல மாட்டேன்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, நம் அலுவலக மாடியில், பெண்கள் வாசல் வழியாக வரலாம். என் மனைவியும் இன்னும் இரண்டு தாய்மார்களும் இருப்பார்கள். பெயர் எழுத மாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் கீழே பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். ஆண்களுக்கு அடுத்த சனிக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, இதே ஹால். நான் இருப்பேன். முதல் தடவை யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும். வராவிட்டாலும் பத்து மணி வரை விளக்கு எரியும்.

வஸ்ஸலாமு அலைக்கும்.